பன்னிரண்டு வயதில் நின்றுபோன குறுஞ்செய்தி: வளரிளம் பருவத்துத் தடுப்பூசியும் இந்தியாவின் கைப்பேசிகளும்

2014ஆம் ஆண்டு, குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் ‘இம்யூனைஸ் இந்தியா’ என்ற பெயரில் ஒரு குறுஞ்செய்திச் சேவையைத் தொடங்கியது. குழந்தையின் பெயரையும் பிறந்த தேதியையும் ஒருமுறை அனுப்பினால் போதும்; ஒவ்வொரு தடுப்பூசிக்கும் உரிய நாள் நெருங்கும்போது பெற்றோரின் கைப்பேசிக்கு நினைவூட்டல் வரும். கட்டணம் இல்லை, சாதாரணக் கைப்பேசியே போதும். குழந்தைக்குப் பன்னிரண்டு வயது நிறையும்வரை இச்சேவை தொடரும் என வகுக்கப்பட்டிருந்தது. 2016 ஜனவரியில் மத்திய அரசு ‘கில்காரி’ என்ற குரலழைப்புத் திட்டத்தை நாட்டளவில் அறிமுகப்படுத்தியது. ‘டாக்டர் அனிதா’ என்ற கற்பனை மருத்துவர் வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவார். கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் தொடங்கி, குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை மொத்தம் 72 அழைப்புகள். 2021இல் வந்த கோவின் தளமோ, முதல் ஓராண்டில் பதினெட்டு வயதைக் கடந்தவர்களை மட்டுமே ஏற்றுக்கொண்டது.

பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் இடையிலான ஆறு ஆண்டுகள் இக்கணக்குகள் எதிலும் இடம்பெறவில்லை. உலகிலேயே மிக அதிக எண்ணிக்கையில் வளரிளம் பருவத்தினர் வாழும் நாடு இது. அவர்களுடைய தடுப்பூசி வரலாற்றில் கைப்பேசியின் பங்கு என்ன என்று தேடினால் வியப்பான ஒன்று தென்படுகிறது. கைப்பேசி அவர்களைப் பற்றிப் பேசியது, அவர்களைப் பதிவுசெய்தது, எண்ணியது. அவர்களிடம் நேரடியாகப் பேசியது மிக அரிது.

இந்த இடைவெளிக்குத் தொழில்நுட்பம் காரணமன்று. அது தடுப்பூசித் திட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது. 1978இல் தொடங்கிய விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டமும், 1985இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமும் தாயையும் கைக்குழந்தையையும் மையமாகக் கொண்டவை. கிராமச் சுகாதாரச் செவிலியரின் பதிவேடு, அங்கன்வாடி, தாய்–சேய் நல அட்டை ஆகிய அனைத்தும் அந்த இணையைச் சுற்றியே வளர்ந்தன. அட்டவணையில் பத்து வயதுக்கும் பதினாறு வயதுக்கும் ரணஜன்னித் தடுப்பூசி இருந்தது. 2019 முதல் அதனுடன் தொண்டை அடைப்பான் தடுப்பும் சேர்க்கப்பட்டது. எனினும் அட்டவணையின் கடைசி வரிகளுக்கு எப்போதும் கடைசி வரிகளுக்குரிய கவனமே கிடைத்துவந்தது. பதினாறு வயதில் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசியின் பெயரைக் கேட்டால், படித்த பெற்றோரும் சற்று யோசிக்கவே செய்வர். அந்த வயதினரை அரசு சந்திக்கும் ஒரே இடம் பள்ளி. ஆகவே அவர்களுக்கான தடுப்பூசி என்றால் பள்ளி முகாம் என்றே பொருளாயிற்று. அங்கு ஒப்புதல் கேட்கப்பட்டது யாரிடம் என்ற கேள்வி நெடுங்காலம் எழவேயில்லை.

அக்கேள்வி எழுந்தபோது பெரும் விலையுடன் எழுந்தது. 2009 ஜூலையில், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் அடுத்து குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரசுக்கு எதிரான தடுப்பூசியைப் பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமியருக்குச் செலுத்தும் செயல்விளக்கத் திட்டம் தொடங்கியது. பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளும் அதில் பங்கேற்றன. ஏறத்தாழ 24,000 சிறுமியர் ஊசி பெற்றனர். அவர்களுள் ஏழு பேர் இறந்த செய்தி வெளிவந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து, மலேரியா போன்றவையே காரணங்களாகப் பதிவாயின. இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பிருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. ஆனால் விசாரணை வேறொன்றை வெளிக்கொணர்ந்தது. ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களுள் 1,948இல் கைநாட்டு இருந்தது. 2,763இல் விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டிருந்தனர். 2013 ஆகஸ்டில் வெளிவந்த நாடாளுமன்ற நிலைக்குழுவின் 72ஆம் அறிக்கை இதனை மிகக் கடுமையான சொற்களில் கண்டித்தது.

அச்சிறுமியருள் பலர் பழங்குடியினர். அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் தொலைவில் இருந்தனர். அவர்களை எட்டுவது கடினம் என்பதாலேயே காப்பாளர் கையொப்பமிட்டார் என்று வாதிக்கலாம். அப்போது நாட்டில் கைப்பேசி இணைப்புகள் மாதந்தோறும் கோடிக்கணக்கில் பெருகிக்கொண்டிருந்தன என்பதையும் அவ்வாதத்தின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். எட்ட முடியாமை பாதிதான் உண்மை. எட்ட வேண்டிய தேவை உணரப்படவில்லை என்பது மறுபாதி. அதன் விளைவு நீண்டது. கம்மம் என்ற ஊர்ப்பெயர், எச்.பி.வி. தடுப்பூசி பற்றிப் பின்னாளில் எழுந்த பெரும்பாலான விவாதங்களில் ஒரு வாதமாகவே மாறியது. நீதிமன்ற மனுக்களிலும் செய்தித்தாள்களிலும் பின்னர் சமூக ஊடகங்களிலும் அது திரும்பத் திரும்ப வந்தது. மருத்துவ முடிவு மறக்கப்பட்டது. ஒப்புதல் கேட்கப்படாத அவமதிப்பு மட்டும் நினைவில் நின்றது. அந்த நினைவு நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது.

கைப்பேசி உண்மையிலேயே வரலாற்றின் நடுவே வந்து நின்றது 2017இல். அவ்வாண்டு பிப்ரவரி 5 அன்று பெங்களூருவில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கப்பட்டது. முதற்கட்டத்தில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகியவற்றில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட சுமார் 3.6 கோடிப் பேர் இலக்கு. இதற்குச் சரியாக ஐந்து மாதங்களுக்கு முன், 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ தன் சேவையைத் தொடங்கியிருந்தது. 2017 மார்ச் வரை தரவு இலவசம். அதே பிப்ரவரியில் இந்தியாவில் தன் பயனர்கள் 20 கோடி என வாட்ஸ்அப் அறிவித்தது. தென்மாநிலங்களின் பள்ளிகளுக்குச் செவிலியர் குளிர்பெட்டியுடன் வந்து சேர்வதற்குள், வீடுகளுக்குக் குரல்பதிவுகள் வந்து சேர்ந்துவிட்டன. இந்த ஊசியால் ஆட்டிசம் வரும், மலட்டுத்தன்மை ஏற்படும், இது அந்நிய நாட்டுச் சதி, நம் குழந்தைகள் சோதனை எலிகள் என்றெல்லாம் அவை கூறின. ஆட்டிசம் பற்றிய கூற்று, 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் லான்செட் இதழில் வெளியிட்டு, 2010இல் அவ்விதழே திரும்பப் பெற்ற கட்டுரையின் தூரத்து எச்சம். அக்கட்டுரை பேசியது புட்டாளம்மைத் தடுப்பும் சேர்ந்த வேறொரு முத்தடுப்பூசியைப் பற்றி. பன்னிரண்டு ஆண்டுகளில் மருத்துவ இதழ் கைவிட்டதை, பத்தொன்பதாம் ஆண்டில் ஒரு குடும்பக் குழு கையில் எடுத்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் பெற்றோர் பலர் முகாம் நாளன்று பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. இயக்கத்தின் காலக்கெடு நீட்டிக்கப்பட வேண்டியதாயிற்று. சுகாதாரத் துறை மறுப்பறிக்கைகள் வெளியிட்டது. மருத்துவர்கள் காணொலிகளில் பேசினர். கேரளத்தில் அவ்வாண்டின் பிற்பகுதியில் மலப்புரம் மாவட்டம் இதே சிக்கலை இன்னும் கடுமையாக எதிர்கொண்டது. இங்கு ஆய்வாளர் பலரும் ‘பொய்ச்செய்தி’ என்ற ஒரே சொல்லில் நின்றுவிடுகின்றனர். அது போதாது. வதந்தி நுழைய ஒரு வெற்றிடம் வேண்டும். இப்பிள்ளைகளுள் பலர் ஏற்கெனவே தட்டம்மைத் தடுப்பூசி பெற்றிருந்தனர். ‘போட்ட ஊசியை ஏன் மறுபடி போடுகிறீர்கள்?’ என்ற பெற்றோரின் கேள்வி முற்றிலும் அறிவார்ந்தது. சமூகத்தில் நோய் எதிர்ப்பின் இடைவெளிகளை ஒரே வீச்சில் நிரப்புவது, கருவுற்ற பெண்ணுக்கு ருபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தைக்கு நேரும் ஊனங்களைத் தடுப்பது ஆகிய காரணங்களை விளக்குவது கடினமும் அன்று. ஆனால் அவ்விளக்கம் குரல்பதிவுக்குப் பின்னரே பெரும்பாலான வீடுகளை அடைந்தது. பதினான்கு வயது மாணவிக்கு ருபெல்லா ஏன் தன் எதிர்காலத்தோடு தொடர்புடையது என்று அவளிடமே சொல்லும் முயற்சி அதைவிடவும் அரிதாக இருந்தது. ஒரே செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் 2018 ஜூலையில் இந்தியாவில் கட்டுப்பாடு விதித்தது உண்மை. அது தடுப்பூசிக்காக அன்று. குழந்தை கடத்தல் வதந்திகளால் நிகழ்ந்த கும்பல் கொலைகளுக்குப் பிறகு வந்தது.

இவ்வரலாற்றில் பெரிதும் கவனிக்கப்படாத ஆவணம் ஒன்று உண்டு. 2019 ஜனவரியில் தில்லி அரசு பள்ளிகளில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி போட ஏற்பாடு செய்தது. பெற்றோரின் ஒப்புதல் தேவையில்லை என்பது அதன் நிலைப்பாடு. மாணவர்கள் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. ஒப்புதல் கேட்டால் பலர் மறுப்பர், பக்கவிளைவுகளை விளம்பரத்தில் சொன்னால் மக்கள் அஞ்சுவர் என்ற வகையில் அரசுத் தரப்பு வாதம் அமைந்தது. நீதிபதி விபு பக்ரு அதனை ஏற்கவில்லை. பெற்றோரின் ஒப்புதல் இன்றி ஊசி போடக்கூடாது. விளம்பரங்களில் பயன்களோடு பக்கவிளைவுகளும், யாருக்குப் போடக்கூடாது என்பதும் இடம்பெற வேண்டும் என்று 2019 ஜனவரி 22 அன்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பின் நடைமுறைப் பகுதிதான் இங்கு முக்கியம். ஒப்புதல் சீட்டு மாணவர் வழியே வீட்டிற்குச் செல்ல வேண்டும். நினைவூட்டிய பின்னும் திரும்பி வராவிடில், வகுப்பாசிரியர் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து அவர்களது முடிவைக் கேட்டுச் சீட்டிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

செயலி இல்லை, தளம் இல்லை. தெரிந்த ஆசிரியரின் குரலும் ஒரு தொலைபேசி எண்ணும்தான். தடுப்பூசியை ஊக்குவிக்கக் கைப்பேசியை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதற்கு இந்திய ஆவணங்களில் இதைவிடத் தெளிவான விடை கிடைப்பது கடினம். மறுக்கவும் இடம் தரும் அழைப்பு அது. கேள்வி கேட்டால் மறுமுனையில் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பார். தீர்ப்பின் எல்லையையும் குறிப்பிட வேண்டும். அது பெற்றோரின் உரிமையைப் பேசியது. பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் உடல் பற்றித் தகவல் பெறும் உரிமை உண்டா என்பது வழக்கின் வினாவாகவே இருக்கவில்லை.

கோவின் காலத்திற்கு வருவோம். அதன் வேர் 2015இல் தொடங்கிய இ-வின் என்னும் இருப்புக் கண்காணிப்பு அமைப்பில் உள்ளது. தடுப்பூசிக் கிடங்குகளில் எத்தனை குப்பிகள் உள்ளன, குளிர்பெட்டியின் வெப்பநிலை என்ன என்பவற்றைச் சிம் அட்டை பொருத்திய கருவிகள் மூலம் அறிவிப்பது அதன் பணி. அதாவது இந்தியத் தடுப்பூசித் தொழில்நுட்பம் முதலில் குளிர்பெட்டிகளோடு பேசக் கற்றது. மனிதரோடு பேசும் வேலை அதன்மேல் பின்னர் ஏற்றப்பட்டது. அந்தத் தடம் கோவினின் சொல்லாட்சியிலும் இருந்தது. அதில் நுழைந்தவர் நோயாளியோ குடிமகனோ அல்லர், ‘பயனாளி’.

2021 மே 1 முதல் 18–44 வயதினருக்கு இணையப் பதிவு கட்டாயமாக்கப்பட்டபோது நேர்ந்தது பலரும் அறிந்ததே. ஏப்ரல் 28 அன்று பதிவு திறந்த முதல் நாளில் 1.3 கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்தனர். காலியிடம் தோன்றியவுடன் டெலிகிராமில் எச்சரிக்கை அனுப்பும் நிரல்கள் தோன்றின. நகரத்து இளைஞர் கிராம மையங்களில் இடம்பிடித்து வண்டியேறிச் சென்றனர். மே 31 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணுத் தளத்தை மட்டுமே நம்பும் கொள்கை அனைவருக்கும் தடுப்பூசி என்ற இலக்கை எட்ட இயலாது என்று கண்டித்தது. ஜூன் 21 முதல் நேரில் சென்று பதிவதற்கு இடமளிக்கப்பட்டது.

வளரிளம் பருவத்தினரின் முறை வந்தபோது இந்தப் பாடம் ஓரளவு உள்வாங்கப்பட்டிருந்தது. 2021 டிசம்பர் 25 அன்று அறிவிப்பு. 2022 ஜனவரி 1 அன்று கோவினில் பதிவு. ஜனவரி 3 அன்று ஊசி. 2007இலோ அதற்கு முன்போ பிறந்தவர், 15–18 வயதினர், ஏறத்தாழ 7.4 கோடிப் பேர். கோவாக்சின் மட்டுமே. ஆதார் இல்லாதோர் பள்ளி அடையாள அட்டையைக் கொண்டும் பதியலாம் என்பது சிறிய மாற்றமாகத் தோன்றினாலும் வரலாற்று நோக்கில் பெரிது: ஒரு தேசியத் தடுப்பூசித் தளம் மாணவரை மாணவர் என்ற அடையாளத்தோடு ஏற்றது. பெற்றோரின் கணக்கிலோ, சொந்த எண்ணில் புதிய கணக்கிலோ அவர்கள் பதியலாம். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தன் எண்ணிற்கு வந்த ஓ.டி.பி.யைக் கொண்டு தானே தேதி குறிக்கும் வாய்ப்பு, குறைந்தபட்சம் விதியளவில், முதன்முறையாக உருவானது.

முதல் நாளிலேயே 40 லட்சத்திற்கும் மேற்பட்டோர் ஊசி பெற்றனர். மூன்று வாரம் முடிவதற்குள் அந்த வயதினருள் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் தவணை முடிந்தது. இந்த வேகத்தைத் தளத்தின் வெற்றியாகக் காட்டும் எழுத்துகள் ஏராளம். முகாம்கள் எங்கு நடந்தன என்று பார்த்தால் வேறு சித்திரம் கிடைக்கும். ஒமிக்ரான் அலையில் பல மாநிலங்கள் வகுப்புகளை நிறுத்தத் தொடங்கிய அதே வாரங்களில், தடுப்பூசிக்காகப் பள்ளிகள் திறந்து வைக்கப்பட்டன. ஊசி பள்ளிக்கு வந்தது. பதிவு அங்கேயே நடந்தது. தளம் பதிவேடாக இருந்தது; அழைத்து வந்தது பள்ளி. இரண்டாம் அலையை வீட்டிற்குள்ளிருந்து பார்த்த ஒரு தலைமுறைக்கு ஊக்குவிப்பு பெரிதாகத் தேவைப்படவும் இல்லை. பள்ளியின் வருகைப் பட்டியலில் இல்லாத இடைநின்ற பிள்ளைகள், வேலைக்குச் சென்றுவிட்டவர்கள், மணமாகிவிட்ட பெண்கள் ஆகியோரைப் பொறுத்தவரை கோவினின் பயன் என்ன என்பதே அத்தளத்தின் உண்மையான தேர்வாக இருந்திருக்கும். அந்த வகைப்பாட்டில் தரவு திரட்டும் கட்டம் எதுவும் பதிவுப் படிவத்தில் இல்லை. மார்ச் 16 அன்று 12–14 வயதினருக்குக் கோர்பிவாக்ஸ் தொடங்கியபோது நோயச்சம் தணிந்திருந்தது.

அதே ஆண்டு மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், எவரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது என்றது; குழந்தைகளுக்கான தடுப்பூசி முடிவில் நிபுணர் கருத்தை ஏற்று, பரிசோதனைத் தரவுகளை வெளியிடப் பணித்தது.

எச்.பி.வி. தடுப்பூசியின் அடுத்த அத்தியாயம் செயலிகளால் எழுதப்படவில்லை என்பதும் நினைக்கத்தக்கது. 2016இல் பஞ்சாபின் பட்டிண்டா, மான்சா மாவட்டங்களிலும், 2018இல் சிக்கிம் முழுவதிலும் பள்ளி வழியே அது செலுத்தப்பட்டது. சிக்கிமில் 9–13 வயதுச் சிறுமியர் சுமார் 25,000 பேர்; எட்டிய அளவு ஏறத்தாழ 97 விழுக்காடு. கம்மத்தின் நிழல் நீங்காத நாட்டில் இது எளிய செயலன்று. சிறிய மாநிலம், முன்கூட்டியே ஆசிரியர்களுடனும் பெற்றோருடனும் நடத்திய பேச்சு, பள்ளியில் ஊசி என்று பழைய கருவிகளே அங்கு பயன்பட்டன. 2022இல் சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் ஒப்புதல் பெற்றது. 2024 பிப்ரவரி இடைக்கால நிதிநிலை உரையில் 9–14 வயதுச் சிறுமியருக்கு இத்தடுப்பூசியை அரசு ஊக்குவிக்கும் என்ற அறிவிப்பு வந்தது.

சிறுமியரைக் கைப்பேசி வழியே எட்டலாம் என்று எண்ணுவோர் இரண்டு கணக்குகளைப் பார்க்க வேண்டும். 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் 54 விழுக்காட்டினர்; இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியோர் மூன்றில் ஒருவர். கிராமப்புறத்தில் 14–18 வயதினரை ஆராய்ந்த 2023ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கையில், ஏறத்தாழ பத்தில் ஒன்பது வீடுகளில் திறன்பேசி இருந்தது. ஆனால் அதனைப் பயன்படுத்தத் தெரிந்தோருள் சொந்தக் கருவி வைத்திருந்தவர் ஆண்பிள்ளைகளில் 43.7 விழுக்காடு, பெண்பிள்ளைகளில் 19.8 விழுக்காடு. கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிய ஒரு செய்தி ஒரு சிறுமிக்கென அனுப்பப்பட்டால், அதை முதலில் திறப்பவர் பெரும்பாலும் தந்தையோ அண்ணனோ ஆவர். அந்தச் செய்தியில் உடல் பற்றிய சொற்கள் இருக்கும்; அதற்கு வீட்டில் என்ன நேரும் என்பதைச் செயலி வடிவமைப்பாளர் தம் அறையிலிருந்து கணிக்க இயலாது.

தனியுரிமையின் நிலையும் இதனோடு சேர்ந்தது. 2023 ஜூனில், கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் கோவினில் பதிந்தவரின் விவரங்களைத் தரும் டெலிகிராம் நிரல் ஒன்று வெளிச்சத்திற்கு வந்தது. தளத்தில் நேரடி ஊடுருவல் இல்லை என்று அரசு மறுத்தது. சில நாட்களில் கைதுகளும் நிகழ்ந்தன. இரண்டு மாதம் கழித்து இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என வரையறுத்து, அவர்கள் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. பதினேழு வயது மாணவி தடுப்பூசி பற்றி ஒரு செயலியில் தனியே கேள்வி கேட்க விரும்பினால், அங்கும் வாசலில் பெற்றோரின் எண் காத்திருக்கும் நிலை உருவாகியுள்ளது. பாதுகாப்பும் தடையும் ஒரே வாக்கியத்தில் அமைந்த சட்டம் அது.

2023 ஜனவரியில் 65 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, 2024 அக்டோபர் 29 அன்று முறைப்படி அறிமுகமான யு-வின் தளம், கருவுற்ற பெண்களையும் பிறப்பு முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகளையும் ஒரே பதிவில் இணைக்கிறது. அடுத்த ஊசிக்கான நினைவூட்டல் பதிவுசெய்த எண்ணிற்குக் குறுஞ்செய்தியாகச் செல்லும். பன்னிரண்டு வயதில் நின்றுபோன குறுஞ்செய்தி இப்போது ஏட்டளவில் பதினாறைத் தாண்டிவிட்டது. 2024இல் தாயின் அல்லது தந்தையின் எண்ணில் பதியப்பட்ட ஒரு பெண்குழந்தைக்கு, பத்து வயது ஊசிக்கான நினைவூட்டல் 2034இலும் பதினாறு வயது ஊசிக்கானது 2040இலும் அதே எண்ணிற்கு அனுப்பப்படும்.